அண்ணன் சொல்லாதது

கேஸை வாபஸ் வாங்கிவிடலாம் என்றுதான் கஞ்சியக்கா அன்றைக்கு ஸ்டேஷனுக்குப் போனாள். கடையில் வாங்கின பாத்திரம் ஒழுகினால் திருப்பிக் கொடுக்கிற மாதிரி, எழுதிக் கொடுத்த புகாரையும் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தாள். மழை நாள். சலவைக் கூடத்தில் காயாத விரிப்புகள் மலையாகக் குவிந்து கிடந்தன. எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு, விரலிடுக்கில் ஒட்டிய கஞ்சியைக்கூடச் சரியாகக் கழுவாமல் கிளம்பி வந்திருந்தாள்.

மேஜைக்குப் பின்னால் இருந்த ஏட்டு அவள் சொன்னதை முழுசாகக் கேட்டுவிட்டு, டீயை ஒரு மிடறு குடித்தார்.

"யம்மா, புகார் கொடுக்கிற வரைக்கும்தான் அது உங்களுது. கொடுத்த பிறகு அரசாங்கத்தோட கேஸ். நீங்க அதுல ஒரு சாட்சி, அவ்வளவுதான்."

"அடி வாங்கினது என் வீட்டுக்காரர் சார். அடிச்சது என் கூடப் பிறந்த அண்ணன். நடுவுல அரசாங்கத்துக்கு என்ன வந்துச்சு?"

"உங்க வீட்டுக்காரரை அடிச்சவர் நாளைக்கு என்னை அடிக்க மாட்டாரா? அதனாலதான். சாதாரண அடிதடின்னா ரெண்டு பேரும் சேர்ந்து வந்து சமாதானமாயிட்டோம்னு சொல்லலாம். இது கொலை முயற்சி. இதுல சமாதானத்துக்கு வழியே கிடையாது."

"கொலை முயற்சின்னு நான் எங்க சார் சொன்னேன்?"

ஏட்டு அலமாரியிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து, முடிச்சை அவிழ்த்து, எச்சில் தொட்டுப் புரட்டினார். பிறகு நிதானமாக வாசித்தார். "'இன்னைக்கு உன்னைக் கொல்லாம விடமாட்டேன்' என்று சத்தம் போட்டுக்கொண்டே, கையில் இருந்த இரும்புக் குறடால் என் கணவரின் தலையில் ஓங்கி அடித்தார்." தாளைத் திருப்பி அவள் பக்கம் காட்டினார். "கீழ இருக்கிற கையெழுத்து உங்களுதுதானே?"

கையெழுத்து அவளுடையதுதான். கடைசி எழுத்தை மேலே சுழித்துவிடுகிற பழக்கம் அவளுக்கு உண்டு. அந்தச் சுழி அங்கே இருந்தது. ஆனால் அந்த வாக்கியம்? அதை அவள் வாயால் சொன்னதாக நினைவில்லை. வேறெப்படியோ அது உள்ளே வந்திருந்தது. எப்படி வந்தது என்பது, ஸ்டேஷன் படியிறங்கிக் குடையை விரிக்கும்போது அவளுக்கு நன்றாகவே ஞாபகம் வந்துவிட்டது.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில், இருபத்துநாலு மணி நேரம் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போன கொஞ்ச நேரத்தில், ஒரு போலீஸ்காரர் அட்டையில் தாள் வைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் புடவையெல்லாம் ரத்தம். அவர் கேட்கக் கேட்க இவள் பதில் சொன்னாள். "அடிக்கும்போது என்ன சொன்னார்? 'கொன்னுடுவேன்', 'விடமாட்டேன்', அந்த மாதிரி ஏதாவது?" என்று அவர் கேட்டார். வராந்தாவின் அந்தக் கோடியில் அண்ணன் தரையில் குந்தியிருந்தார். இவள் அந்தப் பக்கம் பார்த்தாள். தலையாட்டினாள்.

ஒரே ஒரு தலையாட்டல். அதன் பேரில் அண்ணன் நாலு மாதமாக உள்ளே இருக்கிறார். இரண்டு தடவை ஜாமீன் கேட்டும் கிடைக்கவில்லை.

*

அவளுக்குக் கஞ்சியக்கா என்ற பேர் வந்தது வேலையால்தான். டாக்டர்கள் போடுகிற வெள்ளைக் கோட்டுக்கும் லாட்ஜு மேஜைத் துணிக்கும் எவ்வளவு கஞ்சி என்பதை அவள் விரலை விட்டுப் பார்த்துத்தான் சொல்வாள். வேறு யார் கரைத்தாலும் கோட்டு தகரமாக நிற்கும், இல்லாவிட்டால் தொய்ந்து தொங்கும். அவளும் அவள் வீட்டுக்காரரும் நடத்துகிற நீராவிச் சலவைக்கூடம் அது. ஒரு கொதிகலன், இரண்டு பெரிய துவைக்கிற உருளைகள், சுடச்சுடச் சுழலுகிற தேய்ப்பு உருளை ஒன்று, நீளமான மடிப்பு மேஜை. ஆஸ்பத்திரி விரிப்புகளும் இரண்டு லாட்ஜுகளின் விரிப்புகளும்தான் பிழைப்பு. வீட்டுக்காரர் கொதிகலனைப் பார்த்துக்கொள்வார். வருகிற துணியையும் போகிற துணியையும் எண்ணுவார். அண்ணன் குழாய் வேலைக்காரர். அந்தக் கூடத்தில் ஓடுகிற நீராவிக் குழாய் ஒவ்வொன்றையும் அவர் கையால்தான் பூட்டினார். அண்ணி, அதாவது அண்ணன் மனைவி, ஒன்பது வருஷம் மடிப்பு மேஜையில் வேலை பார்த்தாள். அவள் மடித்தால் நாலு மூலையும் ஒன்றுபோல் வந்து உட்காரும். கத்தியால் வெட்டியது மாதிரி இருக்கும்.

ஆஸ்பத்திரி விரிப்பில் ஒரே மாதத்தில் இரண்டு தடவை பன்னிரண்டு பன்னிரண்டாகக் குறைந்தது. அதுதான் ஆரம்பம். வீட்டுக்காரர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. உள்ளேயே வைத்துக் குமைந்துகொண்டிருந்தார். ஒருநாள் சாயந்திரம் வேலை முடிந்து எல்லோரும் கிளம்பும்போது, அண்ணியின் பையை வாங்கி, மடிப்பு மேஜை மேல் தலைகீழாகக் கொட்டினார். நாலு பெண்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சீப்பு, டிபன் டப்பா, பாதி பன், மாத்திரை அட்டை, மாத விலக்குக்கு வைத்திருந்த துணி. விரிப்பு இல்லை.

"சரி, போ" என்றார்.

அண்ணி ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் வைத்தாள். அந்தத் துணியை மட்டும் முந்தானைக்குள் மறைத்து எடுத்தாள். கஞ்சியக்கா அங்கேதான் நின்றாள். என்ன இது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. புருஷனை நாலு பேர் முன்னால் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று இருந்துவிட்டாள்.

மறுநாள் காலையில்தான் அந்தச் சம்பவம்.

வீட்டுக்காரர் பிழைத்தார். மண்டையோட்டில் கீறல். மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இடது காது போய்விட்டது. அடிபட்ட அந்தக் காலைப்பொழுதும் மண்டையிலிருந்து போய்விட்டது. காலையில் டீ குடித்தது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது ஆஸ்பத்திரிக் கூரை. அந்த நேரத்தில் கூடத்தில் இருந்தது மூன்றே பேர். ஒருவருக்கு ஞாபகம் இல்லை. ஒருவர் குற்றவாளிக் கூண்டில் நிற்கப் போகிறவர். மிச்சம் இருந்தவள் இவள் ஒருத்திதான்.

*

ஸ்டேஷனுக்குப் போய்வந்து ஆறேழு மாதம் கழித்து, விசாரணைக்குத் தேதி வந்த வாரத்தில் அண்ணி தேடி வந்தாள். கூடத்துக்குள் வரவில்லை. வாசலில் கைவண்டி நிற்கிற இடத்தில் நின்றுகொண்டு கூப்பிட்டனுப்பினாள். அத்தனை மாதத்தில் அதுதான் முதல் பேச்சு.

"என்ன சொல்லப் போற?"

"நடந்ததைத்தான் அண்ணி."

"நடந்ததையா? நடந்ததைச் சொன்னா உள்ளதான் போவாரு. பாக்கலன்னு சொல்லு. கொதிகலன் பக்கம் இருந்தேன், சத்தம் கேட்டு வந்தேன், அவர் கீழ விழுந்து கிடந்தார். முடிஞ்சுது. தானா வழுக்கி விழுந்தாரோ என்னவோ, நீ என்னத்தைக் கண்டே?"

"குறட்டுல ரத்தம் இருந்துச்சே அண்ணி."

"அது உனக்கு எதுக்கு? அதை அவங்க பார்த்துக்கட்டும். வா, வக்கீல்கிட்ட போய்க் கேப்போம்."

அண்ணனுக்குச் சொந்தமாக வக்கீல் வைத்துக்கொள்ள வசதியில்லை. கோர்ட்டே அமர்த்திக் கொடுத்த வக்கீல் அவர். மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை. அறை நிறைய காகிதம். நடுவில் ஒல்லியான மனுஷர். கஞ்சியக்கா யார் என்று தெரிந்ததும் தேள் கொட்டியது போல எழுந்துவிட்டார்.

"இவங்க அரசுத் தரப்புச் சாட்சி! இவங்களை ஏம்மா இங்க கூட்டிட்டு வந்தீங்க? நான் சாட்சியைக் கலைச்சேன்னு கேஸ் என் மேலயே திரும்பும். வெளிய நிக்கச் சொல்லுங்க."

கஞ்சியக்கா வெளியே நின்றாள். கதவு பாதிதான் மூடியது, கீல் துருப்பிடித்திருந்தது. வக்கீலுக்கோ மேடைக்குரல். அவர் அண்ணியோடுதான் பேசினார். படிக்கட்டில் போகிறவர்கள் வரைக்கும் கேட்டது.

"நம்ம ஆளு கூண்டுல நின்னு வாயைத் திறக்கவே வேண்டாம். குற்றம் செஞ்சார்னு நிரூபிக்க வேண்டியது அவங்க வேலை. செய்யலன்னு நாம நிரூபிக்க வேண்டியது இல்ல. புரியுதா?"

"செய்யலன்னுகூடச் சொல்ல வேண்டாமா சார்?"

"'குற்றவாளி இல்லை'ன்னு ஆரம்பத்துலயே சொல்லியாச்சு. அது போதும். அவங்க சொல்றதுல நியாயமான சந்தேகம் இருந்தா, அந்தச் சந்தேகத்தோட பலன் நமக்குத்தான். பத்து குற்றவாளி தப்பிச்சாலும் தப்பிக்கட்டும், குற்றம் செய்யாதவன் ஒருத்தன் மாட்டிக்கக் கூடாதுன்னுதான் இந்த ஏற்பாடே."

அண்ணி குரல் வந்தது.

"என் பையைக் கொட்டினப்ப இதெல்லாம் எங்க சார் போச்சு?"

வக்கீல் அதைக் காதில் வாங்காதவர் போல மேலே பேசினார். "இன்னொண்ணும் கேட்டுக்கங்க. அடிச்சாரான்றது ஒரு கேள்வி. என்ன நினைச்சு அடிச்சார்ன்றது வேற கேள்வி. கோர்ட்டுக்கு அந்த ரெண்டாவது கேள்விதான் பெரிசு. ஒரே அடிதான். ஆனா கொல்லணும்னு நினைச்சு அடிச்சா ஒரு தண்டனை, ஆத்திரத்துல கை ஓங்கினா வேற தண்டனை. நினைப்பை யாரு கண்ணால பார்க்க முடியும்? வாயில வந்த வார்த்தையை வச்சுத்தான் எடை போடுவாங்க. புகார்ல ஒரு வரி இருக்கு பாருங்க, கொல்லாம விடமாட்டேன்னு. நம்ம கழுத்துல கயிறு மாதிரி கிடக்கு அது. அந்த வரி நின்னா பத்து வருஷத்துக்குக் குறையாது."

திரும்பி நடக்கும்போது அண்ணி, "கேட்டியா? அதனாலதான் சொல்றேன், பாக்கவே இல்லன்னு சொல்லிடு" என்றாள். அந்த வரி எப்படி வந்தது என்று இவள் சொல்லவில்லை.

வீட்டுக்காரர் சொன்னதும் அதேதான். இப்போதெல்லாம் அவருக்குத் தன் குரல் எவ்வளவு சத்தம் என்றே தெரியாது. கூடத்தில் உருளை ஓடுகிற சத்தத்தை மீறிப் பேசுகிற பழக்கத்தில் வீட்டிலும் பேசுவார். அன்று சோறு சாப்பிட்டுக்கொண்டே, "பாக்கலன்னு சொல்லித் தொலைச்சிடு. எனக்கு அவன் மேல கோவம் போயிடுச்சு. கேஸ் முடிஞ்சா போதும்" என்றார்.

"பாக்கலன்னு சொன்னா உனக்கும் வசதிதான். பையைக் கொட்டின கதையை யாரும் கேக்க மாட்டாங்க."

அவர் வலது காதைத் திருப்பினார். "என்ன சொன்ன?"

"ஒண்ணுமில்ல. இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா?"

அவருக்குக் கேட்டுவிட்டது என்பது, அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்ததில் தெரிந்தது.

சாட்சிக் கூண்டுக்குக் கூப்பிடுவதற்குக் கொஞ்சம் முன்னால், அரசு வக்கீல் வராந்தாவில் அவளைப் பிடித்தார். மெதுவாகப் பேசுகிறவர். "நீங்க புதுசா எதுவும் சொல்ல வேண்டாம்மா. புகார்ல என்ன இருக்கோ அதையே சொன்னா போதும். மாத்திச் சொன்னா பிறழ்சாட்சின்னு ஆயிடும். அப்புறம் நானே உங்களைக் குறுக்கு விசாரணை பண்ண வேண்டியிருக்கும். பொய்ச் சாட்சிக்குத் தனியா தண்டனை இருக்கு, தெரியுமில்ல?"

தெரியும் என்று தலையாட்ட வந்தவள், நிறுத்திக்கொண்டாள். "தெரியும் சார்" என்று வாயால் சொன்னாள்.

*

கோர்ட் அறை அவள் நினைத்திருந்ததைவிடச் சின்னது. மின்விசிறி கடகடத்தது. நீதிபதி ஓர் அம்மா, வயது ஐம்பதிருக்கும், கண்ணாடி மூக்கு நுனியில் இருந்தது. அண்ணன் கூண்டில் நின்றார். இளைத்திருந்தார். சட்டையைத் துவைத்திருந்தார்கள், தேய்க்கவில்லை. கஞ்சியக்காவின் கண் முதலில் அந்தச் சட்டைக் காலரில்தான் போய் விழுந்தது. குமாஸ்தா அவளுடைய முழுப் பேரைச் சொல்லி மூன்று தடவை கூப்பிட்டார். அது வேறு யாரோ என்று நினைத்துச் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பிறகு எழுந்து போனாள். உண்மையே சொல்வேன் என்று சொல்லச் சொன்னார்கள். சொன்னாள்.

அரசு வக்கீல் ஆரம்பித்தார். நேரம், இடம், யார் யார் இருந்தார்கள் எல்லாம் கேட்டார்.

"அன்னிக்கு எதிரி, அதாவது உங்க அண்ணன், ஏன் அங்க வந்தார்?"

"ஆவிக் குழாய்ல ஒரு வால்வு ஒழுகிட்டு இருந்துச்சு. அதைச் சரி பண்ண வரச் சொல்லியிருந்தோம். வந்து நட்டைக் கழட்டிட்டு இருந்தார். அதான் கையில குறடு இருந்துச்சு."

"அப்போ என்ன பேச்சு நடந்தது?"

கஞ்சியக்கா பெஞ்சைப் பார்த்தாள். வீட்டுக்காரர் வலது காதை முன்னால் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு இரண்டு பேர் தள்ளி அண்ணி.

"அதுக்கு முந்தின நாள் நடந்ததைச் சொன்னாத்தான் அது புரியும்" என்றாள். சொன்னாள். விரிப்பு குறைந்தது, பை, மேஜை, வெளியே வந்து விழுந்தவை. அந்தத் துணியையும் சொன்னாள். அறையில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். அண்ணி தலையைக் குனியவில்லை, நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைகுனிந்தது வீட்டுக்காரர்தான்.

"மறுநாள் எங்கண்ணன் நட்டைக் கழட்டிக்கிட்டே கேட்டார், 'நேத்து என்ன நடந்துச்சு மாப்பிள்ளை'ன்னு. இவர், 'கேட்டா தப்பா? கேக்க வேண்டியது என் வேலை'ன்னார். அண்ணன், 'பையில ஒண்ணும் இல்லையே'ன்னார். இவர், 'பையில இல்லன்னா எடுக்கலன்னு ஆயிடுமா, முந்தின நாளே வெளிய போயிருக்கும், எந்தத் துணிக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தாளோ'ன்னு சிரிச்சார்."

"அப்புறம்?"

"அடிச்சார்."

"எப்படி?"

"திரும்பி ஒரே அடி. காதுக்கு மேல."

"அடிக்கும்போது என்ன சொன்னார்?"

மின்விசிறி கடகடத்தது.

"ஒண்ணும் சொல்லல."

அரசு வக்கீல் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. 'இன்னைக்கு உன்னைக் கொல்லாம விடமாட்டேன்'னு சொன்னதா நீங்களே புகார் கொடுத்திருக்கீங்க. கையெழுத்தும் போட்டிருக்கீங்க."

"கையெழுத்து என்னுதுதான். ஆனா அப்படி அவர் சொல்லல."

அரசு வக்கீல் நீதிபதி பக்கம் திரும்பி, சாட்சியைப் பிறழ்சாட்சியாகக் கருதிக் குறுக்கு விசாரணை செய்ய அனுமதி கேட்டார். நீதிபதி கையைக் காட்டி அவரைக் கொஞ்சம் நிறுத்தினார்.

"இந்தாங்கம்மா. புகார்ல இருக்கிறது பொய்ன்றீங்களா?"

"அந்த ஒரு வரி பொய்ங்கம்மா. மத்ததெல்லாம் நிஜம்."

"பொய்யை யார் எழுதினது?"

"எழுதினவர் கேட்டார், கொன்னுடுவேன்னு ஏதாவது சொன்னாரான்னு. நான் தலையாட்டினேன்."

"சொல்லாததுக்கு ஏன் தலையாட்டினீங்க? பார்த்துப் பேசுங்க. நீங்க சொல்றது உங்களுக்கே எதிரா வரலாம்."

"கோவத்துலங்கம்மா. உள்ள இவர் பிழைப்பாரா மாட்டாரான்னு தெரியல. இவர் ரத்தம் என் மேல எல்லாம் இருந்துச்சு. அந்த மனுஷன் ஆயுசுக்கும் உள்ளயே கிடக்கட்டும்னு தோணுச்சு. தலையாட்டிட்டேன். நான் பண்ணது தப்பு. அதுக்கு என்ன உண்டோ அதைக் கொடுங்க."

நீதிபதி எழுதினார். எழுதி முடித்ததும் அரசு வக்கீல், இனிக் கேட்க எதுவும் இல்லை என்று சொல்லி உட்கார்ந்தார்.

அடுத்து அண்ணன் தரப்பு வக்கீல் எழுந்தார். அவர் முகத்தில் பல்பு எரிந்த மாதிரி ஒரு வெளிச்சம். கயிறு அறுந்துவிட்டதே! அதோடு உட்கார்ந்திருக்கலாம். இன்னும் கொஞ்சம் இழுத்துப் பார்க்கலாம் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது.

"வால்வு ஒழுகிட்டு இருந்துச்சுன்னு சொன்னீங்க. அப்படின்னா கூடம் பூரா ஆவியா இருந்திருக்கும்?"

"இருந்துச்சு."

"எதிர்ல நிக்கிற ஆள்கூடச் சரியாத் தெரியாத அளவுக்கு?"

பெஞ்சில் அண்ணி முன்னால் சாய்ந்தாள். கஞ்சியக்காவுக்கு அந்தக் கேள்வி புரிந்தது. திறந்து வைத்த கதவு அது. நுழைந்து போய்விடலாம். 'சரியாத் தெரியலங்க' என்று ஒரு வார்த்தை. பொய்யென்று யாராலும் சொல்ல முடியாது; ஆவிக்கு யார் சாட்சி?

"நான் பதினாறு வருஷமா அந்த ஆவிலதான் வேலை பார்க்கிறேன் சார். எனக்குத் தெரியும். அடிச்சதைப் பார்த்தேன்."

அண்ணி பின்னால் சாய்ந்துகொண்டாள்.

"அடிச்ச உடனே குறடு கீழ விழுந்துச்சு. அவரே குனிஞ்சு இவரைத் தூக்கினார். என் கையில ஒரு விரிப்பைக் கொடுத்து, தலையில அழுத்திப் பிடின்னார். எங்க டெலிவரி வேனை அவர்தான் ஓட்டிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். வழி பூரா ஹாரன்ல இருந்து கையை எடுக்கல. போலீஸ் வர்ற வரைக்கும் அங்கயேதான் இருந்தார். அதையும் எழுதிக்கங்க. புகார்ல அதை நான் சொல்லல."

பெஞ்சுக்குத் திரும்பி வந்தாள். பக்கத்தில் இடம் இருந்தும் வீட்டுக்காரர் நகர்ந்து கொடுக்கவில்லை. அண்ணி எழுந்து வெளியே போய்விட்டாள். ஒரே காலையில் இரண்டு வீட்டுக்கும் வேண்டாதவளாகிவிட்டோம் என்று கஞ்சியக்காவுக்குத் தோன்றியது. ஆனாலும் பசித்தது. பதினோரு மாதத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சொல்லும்படி பசித்தது. வெளியே போய் ஒரு டீயும் பன்னும் வாங்கித் தனியாக நின்று தின்றாள்.

*

சாட்சிகள் எல்லோரும் முடிந்த பிறகு, நீதிபதி அண்ணனைக் கேட்டார். சாட்சி சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக வாசித்து, என்ன சொல்கிறீர்கள் என்றார். பதில் சொல்லாமல் இருக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு என்றும் சொன்னார். எதைக் கேட்டாலும் 'பொய்' என்று மட்டும் சொல்லும்படி அண்ணனின் வக்கீல் பாடம் பண்ணி வைத்திருந்தார். டாக்டர் சொன்னதற்குப் பொய் என்றார் அண்ணன். போலீஸ் சொன்னதற்கும் பொய் என்றார். தங்கச்சி சொன்னதை நீதிபதி வாசித்து முடித்ததும், கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அவ சொன்னது சரிங்கம்மா" என்றார்.

வக்கீல் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

பத்து நாள் கழித்துத் தீர்ப்பு வந்தது. கொல்ல வேண்டும் என்ற எண்ணம் இருந்ததாகச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கப்படவில்லை. ஆகவே கொலை முயற்சிக் குற்றத்திலிருந்து விடுதலை. திடீரென மூண்ட ஆத்திரத்தில் கொடுங்காயம் விளைவித்த குற்றம் நிரூபணமாகிறது. அதற்கு இரண்டு வருஷம். உள்ளே ஏற்கெனவே இருந்த காலத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். சாட்சி தானாகவே திருத்திச் சொன்னதால், அவள் மேல் நடவடிக்கை தேவையில்லை. போலீஸ்காரர்கள் சாட்சி சொல்வதை எழுத வேண்டுமே தவிர, தாங்கள் கேட்பதை எழுதக் கூடாது. கடைசி வரியை நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாசித்தார்.

மிச்சம் பதின்மூன்று மாதம். வக்கீல், "பத்து வருஷம் போக வேண்டிய ஆளும்மா. யோசிச்சுப் பாருங்க" என்று அண்ணியிடம் சொன்னார்.

"இன்னிக்கே வீட்டுக்கு வர வேண்டிய ஆளு சார்" என்றாள் அண்ணி. கஞ்சியக்காவைக் கடந்து போனாள்.

அவர்கள் இருவரும் சொன்னது சரிதான் என்று கஞ்சியக்காவுக்குப் பட்டது. இருவரோடும் சண்டை போட அவளிடம் எதுவும் இல்லை.

வீட்டுக்காரர் இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. துணி எண்ணுவார், கொதிகலனைப் பார்ப்பார், சாப்பிடுவார், படுப்பார். ஒருநாள் மதியம் உருளையை நிறுத்திவிட்டு, மடிப்பு மேஜை பக்கம் வந்து, அங்கே மடித்துக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்து, "அன்னிக்கு நான் அந்தப் பையைக் கொட்டினது தப்புதான்" என்றார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு மறுபடியும் மடித்தார்கள்.

"இங்க சொல்லி என்ன பிரயோஜனம்?" என்றாள் கஞ்சியக்கா, அவருடைய வலது பக்கமாக வந்து நின்று. "யாருகிட்ட சொல்லணுமோ அங்க போய்ச் சொல்லு."

"கதவைத் திறக்க மாட்டா."

"திறக்கலன்னா வெளியில நின்னு சொல்லு. கொட்டினது மட்டும் உள்ள வச்சா கொட்டினே?"

போனார். அண்ணி கதவைத் திறக்கவில்லைதான். அவர் வெளியில் நின்று சொன்னார். மெதுவாகத்தான் சொல்வதாக அவர் நினைத்திருக்கிறார். காது போன மனுஷனுக்குத் தன் சத்தம் தெரியுமா? எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள். சைக்கிள் பழுது பார்க்கிறவர் காற்றடிக்கிறதை நிறுத்தினார். "நீ எடுக்கல. எடுத்தேன்னு சொல்ல என்கிட்ட ஒரு அத்தாட்சியும் இல்ல. நாலு பேர் முன்னாடி உன்னை அப்படிப் பண்ணியிருக்கக் கூடாது. அவன் அடிச்சதுக்கு நான்தான் காரணம்" என்று அவர் சொன்னது தெருமுனை வரைக்கும் கேட்டது. கதவு திறக்கவில்லை. உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் நின்றுபோனது என்று வந்து சொன்னார்.

விரிப்புகள் எங்கே போயின என்பது கடைசிவரைக்கும் யாருக்கும் தெரியவில்லை.

*

அடுத்த மாதம் ஜெயிலில் பார்வையாளர் நாள். கஞ்சியக்கா காலையிலேயே போய் வரிசையில் நின்றாள். வெயில் நன்றாக ஏறியிருந்தது. உள்ளே விடுவார்களா என்று அவளுக்கு நிச்சயமில்லை. ஒரு கைதிக்கு இரண்டு பேர்தான். அதிலும் மனைவி பேர் கொடுத்தால்தான் மற்றவர்களுக்கு அனுமதி என்று பக்கத்தில் நின்ற கிழவர் சொன்னார். விடவில்லையென்றால் திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்துக்கொண்டாள். நாலு பேர் முன்னால் அண்ணி நின்றாள். இவளைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வரிசை மெதுவாக நகர்ந்தது. அண்ணிக்கு முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். அண்ணியின் முறை வந்தது. ஜன்னலுக்குப் பின்னால் இருந்த காவலர் பேரேட்டில் எழுதிக்கொண்டே கேட்டார்.

"நீங்க மனைவி. கூட இன்னொருத்தர் வரலாம். யாராவது இருக்காங்களா?"

காவலர் பேனாவைத் தட்டினார்.

"சீக்கிரம் சொல்லுங்கம்மா. பின்னாடி எத்தனை பேர் நிக்கிறாங்க பாருங்க. தனியாத்தானே?"

"இல்ல" என்றாள் அண்ணி. திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டிக் காட்டினாள். "அதோ நிக்கிறா பாருங்க, பச்சைப் புடவை. என் நாத்தனார். அவ பேரையும் எழுதிக்கங்க."

காவலர் பேரைக் கேட்டார். அண்ணி அவளுடைய முழுப் பேரையும் ஓர் எழுத்துத் தவறாமல் சொன்னாள்.